பறவை விரட்ட அடித்த தட்டு

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதிலும் என் வாய் கொஞ்சம் நீளம். என் தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்த கையோடு, நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் ஓடிவிடுகிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், என் அண்ணியைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை அவர் எதிரில் ஒருநாளும் சொன்னது கிடையாது. சொன்னால், "என்னடி, காய்ச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

அண்ணி மீன் வளர்க்கிறார். செங்கல் சூளைக்கு மண் எடுத்து எடுத்துப் பள்ளமாகிப்போன இடம் ஒன்று ஊரின் ஓரத்தில் இருந்தது. அதில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டைக் குஞ்சு விட்டு, கரையிலேயே இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள் அண்ணனும் அண்ணியும். அதற்கு முன் இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. அண்ணன் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினார். அண்ணி கேன்டீனில் தட்டு எடுத்தார்.

அந்தத் தட்டு எடுக்கிற வேலையில்தான் அண்ணிக்கு அந்தக் கண் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனவனின் முகத்தை அவர் பார்த்திருக்கமாட்டார், தட்டைப் பார்ப்பார். ரொட்டியின் ஓரத்தை மட்டும் பிய்த்துப் போட்டிருந்தால் இவன் பல்வலிக்காரன், எலும்பை வெள்ளையாகும்வரை கடித்திருந்தால் இவன் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன், பாதியில் வைத்துவிட்டு எழுந்திருந்தால் இவனுக்கு வீட்டில் சண்டை. தொழிற்சாலையில் அவருக்கு சி.ஐ.டி. என்றே பெயர். வேகவைத்த முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை உருண்டையாகத் தட்டோரத்தில் ஒதுக்கி வைக்கும் ஆள் யார் என்று கண்டுபிடிக்கப்போய்த்தான் எங்கள் அண்ணன் மாட்டினார். "மஞ்சளை வீணாக்குற மகராசன் நீங்கதானா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் அண்ணன் ஒதுக்கும் மஞ்சள் அண்ணியின் தட்டுக்குத்தான் போனது. அண்ணி அண்ணனை ஆள் பார்த்து எடுக்கவில்லை, தட்டு பார்த்துத்தான் எடுத்தார் என்று நான் இப்போதும் சீண்டுவேன்.

கேன்டீனை மூடியபோது, அண்ணன் சாப்பிட்ட ஓரம் நசுங்கிய எவர்சில்வர் தட்டை அண்ணி கேட்டு வாங்கி வந்தார். குளத்துக்கு வந்த பிறகு அதற்கு வேறு வேலை கிடைத்தது. தீனி போடும் நேரத்தில் அண்ணன் அந்தத் தட்டைக் கரண்டியால் அடிப்பார். சத்தம் கேட்டதும் குளத்தின் நாலா பக்கத்திலிருந்தும் மீன்கள் தீனி மூலைக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் இதை அடித்துக் காட்டாமல் விடமாட்டார். பள்ளிக்கூட மணி கேட்டு வரும் பிள்ளைகளைவிட என் மீனுக்கு ஒழுங்கு அதிகம் என்று மீசையை நீவிக்கொள்வார்.

குளம் என்று ஒன்று இருந்தால் அதற்குத் திருடன் வராமல் இருக்கமாட்டான். முதலில் வந்த திருடன் கரையில் பெரிய கெண்டைகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனான். சூளைக் காவல்காரர் வந்து பார்த்தார். எதற்கும் கருத்துச் சொல்லாமல் நகராத மனிதர் அவர். முதல் நாள் உடும்பு என்றார், அடுத்த நாள் தெருநாய் என்றார், அதற்கும் அடுத்த நாள், சூளையில் வேலை செய்கிறவர்களில் ஒருவனாக இருக்கும் என்றார்.

அண்ணி செத்த மீனின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய கேன்டீன் தட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுஷன் எடுத்தா முழுசா எடுத்துட்டுப் போவான். நாய் இழுத்துட்டுப் போய் வேற எங்கயாவது வச்சுத் திங்கும். கொக்கா இருந்தா முதுகுல ஒரு குத்து இருக்கும். இது தொண்டையையும் குடலையும் மட்டும் ருசி பார்த்துட்டு மிச்சத்தை வச்சுட்டுப் போயிருக்கு. வசதியான வீட்டுப் பிள்ளை," என்றார்.

பிறகு கரையைச் சுற்றி நடந்தார். ஒரு கல்லின் மேல் கறுப்பாக எச்சம். ஒரு குச்சியால் கிளறினார். உள்ளே மீன் செதிலும் முள்ளுமாக மின்னியது. ஈர மண்ணில் ஐந்து விரல் பதிந்த வட்டமான தடம். கரையிலிருந்து தண்ணீருக்குள் வயிற்றால் சறுக்கிக்கொண்டு போன வழவழப்பான கோடு. அண்ணி நிமிர்ந்து, "நீர்நாய்," என்றார். "வடிகால் குழாய் வழியா வருது."

காவல்காரர் உடனே ஒரு மீனுக்குள் விஷம் வைத்துத் தருவதாக உற்சாகமாகக் கிளம்பினார். "விஷத்து மேல அது பேரை எழுதியா வைப்பீங்க?" என்று கேட்டார் அண்ணி. "பூனை தின்னும், காக்கா தின்னும், தண்ணியில கலக்கும். இது செத்தா இன்னொண்ணு வரும். வர்ற வழியை அடைச்சா எதுவும் வராது." குழாய் வாயில் இரும்புக் கம்பி வலை வைத்து அடைத்தார்கள். குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அதன் அடிப்பக்கத்தை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தார்கள், தோண்டினாலும் கம்பிதான் தட்டுப்படும்படி. கம்பியை மடித்தது முழுக்க அண்ணன்தான். அவர் கை அப்போது அப்படி இரும்பாக இருந்தது. அதன்பின் நீர்நாய் இரண்டு முறை வேலி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்த ஓடையைத் தேடிப் போய்விட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நாள் விடிகாலையில் போய்விட்டன. கண்ணிலும் வலப்பக்கம் இருப்பது தெரியாது. வலப்பக்கத்தில் தட்டில் சோறு இருந்தால் அப்படியே இருக்கும், நாம் தட்டைத் திருப்பி வைத்தால்தான் சாப்பிடுவார். ஊரையே கூட்டும்படி பேசிய மனிதர் ஒரு வார்த்தைக்கு வாயைக் கோணிக்கொண்டு திண்டாடியதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் மருத்துவமனை வாசலில் போய் நின்று அழுதுவிட்டு வருவேன். அண்ணி அழுது நான் பார்க்கவில்லை. எந்த நேரத்தில் அழுதாரோ தெரியாது.

அவர்கள் மகள் நகரத்தில் இருக்கிறாள். மூன்றாவது மாடியில் வீடு. நல்ல பெண். "குளத்தை விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. அப்பாவுக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சுட்டேன்," என்று தினமும் போன் செய்தாள். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் அண்ணனை உட்காரவைத்தால் அவர் வைத்த இடத்தில் இருப்பார், அவ்வளவுதான். அண்ணிக்கும் அது தெரியும். "குளம் ஓடுற வரைக்கும் ஓட்டுறேன். ஓடலன்னா வரோம்," என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அண்ணனைக் கரையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தட்டை மடியில் வைத்து, கரண்டியை இடது கையில் கொடுத்தார். தீனி நேரத்துக்கு அண்ணன் அடிப்பார், மூலையில் அண்ணி தீனி தூவுவார். இடது கை அடி ஆரம்பத்தில் உப்புக்குச் சப்பாணியாகத்தான் இருந்தது. ஆனாலும் மீன்கள் வந்தன.

அந்தக் குளிர்காலத்தில் குளத்தில் மீன் குறைய ஆரம்பித்தது. இந்த முறை கரையில் ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. "எச்சில் வைக்காம சாப்பிடுற ஆளு. முழுசா முழுங்குறான்," என்று அண்ணி முணுமுணுத்தார். சின்ன வலை ஒன்றை வீசி, அகப்பட்ட மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். சிலவற்றின் உடம்பில் ஒரு பக்கம் கொக்கி கிழித்ததுபோல ஒரு கோடு, மறுபக்கம் செதில் உரிந்த தேய்ப்பு. என்னிடம் நீட்டிக் காட்டினார். "மேல் அலகு கொக்கி, கீழ் அலகு இடுக்கி. தப்பிச்சு வந்ததுங்க இதெல்லாம். நீர்க்காகம்." அதோடு நிற்காமல், குளத்தின் கோடியில் நின்ற பட்டமரத்தைக் காட்டினார். அதன் கிளைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தன. நான் அந்த மரத்தைப் பல நாள் பார்த்திருக்கிறேன், பட்டுப்போனால் மரம் வெளுக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் பறவை எச்சம்.

ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக வந்தன. கறுப்புக் கறுப்பாகத் தண்ணீரில் அமிழும், வேறொரு இடத்தில் வாயில் மீனோடு எழும், பிறகு மரத்தில் போய் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். அண்ணி குளத்தின் குறுக்கே கயிறு கட்டிப் பார்த்தார். குளம் அகலம், கயிறு தொய்ந்து தண்ணீரைத் தொட்டது. அண்ணனின் பழைய தொழிற்சாலைச் சட்டையை ஒரு கொம்பில் மாட்டிப் பொம்மை நிறுத்தினார். முதல் நாள் பயந்தன. அப்புறம் ஒரு பறவை பொம்மையின் தோளில் உட்கார்ந்து சிறகு காயவைத்தது. காவல்காரர் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தூக்கிக் குளத்தில் போட்டிருப்பேன்.

அப்போதுதான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. "உங்ககிட்டதான் தட்டு இருக்கே. பறவை வந்தா நல்லா ஓங்கி அடிங்க. பறந்துடும்," என்றார் அண்ணனிடம்.

அண்ணன் அடித்தார். பறவைகள் எழுந்து பறந்தன. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கவாதம் வந்ததிலிருந்து மற்றவர்கள் அவருக்குச் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது அவர் செய்கிற ஒரு வேலை கிடைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் நாற்காலிக்குப் போக அவசரப்பட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பார். தடியை ஊன்றிக்கொண்டு தானே நாலடி நடந்தார். சாப்பாடு இறங்கியது. ஒருநாள் பறவைக் கூட்டம் இறங்கியபோது தட்டை அடித்தபடியே, "போ!" என்று கத்தினார்.

அண்ணி தீனி வாளியைக் கீழே போட்டுவிட்டார். பேச்சு போன பிறகு அண்ணன் சொன்ன முதல் வார்த்தை அது. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்று கெஞ்சினார். அண்ணன் அவரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "போ! போ!" என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் போன் செய்து அண்ணனைப் "போ" என்று சொல்லவைத்தோம். மகள் அந்தப் பக்கம் தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா தன்னைப் போகச் சொன்னதற்காக இப்படிச் சந்தோஷப்பட்ட மகள் வேறு யாரும் இருக்கமுடியாது.

இனி கவலையில்லை என்றுதான் நினைத்தோம். ஆனால் அடுத்த முறை வலை வீசியபோது மீன் இன்னும் குறைந்திருந்தது. கோடு விழுந்த மீன்கள் அதிகமாகியிருந்தன. அண்ணன் எவ்வளவுக்கு எவ்வளவு அடித்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு மீன் காணாமல் போனது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அண்ணி மட்டும், "நான் பறவையையே பார்த்துட்டிருக்கேன். சாப்பிடுறவன் மூஞ்சியைப் பார்த்து நான் என்னைக்குக் கண்டுபிடிச்சிருக்கேன்?" என்றார். கையில் இருந்த வேலையையெல்லாம் போட்டுவிட்டு, எதிர்க்கரையில் புல்லுக்குள் போய் உட்கார்ந்தார். எனக்கு அன்று கடை விடுமுறை, நானும் கூட உட்கார்ந்தேன்.

பறவைகள் வந்தன. அக்கரையிலிருந்து அண்ணனின் தட்டுச் சத்தம் கேட்டது. பறவைகள் எழுந்தன. நான் கையைத் தட்டப்போனேன், அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் பறவைகளைப் பார்க்கவில்லை. தீனி மூலையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் கொதிப்பதுபோல அசைந்தது. மீன்கள். சத்தம் கேட்டதும் தீனி என்று நினைத்து, குளத்தின் ஆழத்தில் இருந்தவைகூட அந்த ஒரு மூலைக்கு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு நேராக அந்த மூலையில் இறங்கின. தேடவே இல்லை.

அந்த மூலை அண்ணனுக்கு வலப்பக்கம். அவருக்கு அது தெரியாது. பறவை எழுந்தது மட்டும் தெரியும்.

அண்ணி ஈர மண்ணில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "நாமே பந்தியும் போட்டு மணியும் அடிச்சிருக்கோம்டி. தட்டு அதே தட்டுதானே! இது எனக்கு உறைக்கலையே!"

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மீன் இல்லை, அண்ணன். "அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க," என்றேன். "தட்டை எடுத்துட்டு வேற ஏதாவது டப்பாவைக் குடுத்துடலாம். அவர் பாட்டுக்கு அடிச்சிட்டிருக்கட்டும்."

"மீனை ஏமாத்தலாம். பறவையை ஏமாத்தலாம். அவரை ஏமாத்தவா நான் கட்டிக்கிட்டேன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தேன். கேட்கவில்லை.

நேராக அண்ணனிடம் போனார். நாற்காலியைத் தீனி மூலையைப் பார்க்கும்படி திருப்பினார். "அடிங்க," என்றார். அண்ணன் அடித்தார். தண்ணீர் கொதித்தது. மரத்திலிருந்து பறவைகள் கிளம்பி வந்து, மீன்களின் நடுவில் தொப்புத் தொப்பென்று இறங்கின. அண்ணன் பார்த்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அடிக்கச் சொன்னது நான். யோசிக்காம சொன்னதும் நான். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல," என்றார் அண்ணி.

அண்ணன் தட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டார். அது உருண்டுபோய் மண்ணில் கவிழ்ந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து அண்ணன் சொன்னார்: "போ."

அவருக்கு இருந்ததே அந்த ஒரு வார்த்தைதான். அதைத் தூக்கி அண்ணியின் மேல் போட்டுவிட்டார். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் கரைக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோற்றை ஒதுக்கினார். தடி மூலையில் சாய்ந்து கிடந்தது. எனக்கு அண்ணியின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. "உங்க உண்மையை நீங்களே வச்சுக்கிட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்று சண்டைக்குப் போனேன். அண்ணி பழைய இரும்புக் குழாய்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்று முனையைப் பல்லில் கடித்திருந்ததால் உடனே பதில் வரவில்லை.

"அவரே ஒருநாள் திரும்பிப் பார்த்திருந்தா?" என்றார் பிறகு. "எல்லாருக்கும் தெரிஞ்சும், நம்மளை உக்காரவச்சு விளையாட்டுக் காட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா? அதுக்கப்புறம் நான் சோறுன்னு குடுத்தாக்கூட சந்தேகமாத்தான் வாங்குவார். கோபம்தானே, படட்டும். கோபப்படுற அளவுக்குத் தெம்பு இருக்கு."

சண்டைக்கு வந்த நான் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். இது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

மகள் போன் செய்தாள். அப்பா படுத்துவிட்டார் என்று என் வாய்தான் உளறியிருந்தது. "போதும்மா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள். "கொஞ்சம் பொறு. கையில ஒரு வேலை இருக்கு, அதை முடிச்சுடறேன்," என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்தார்.

வேலை என்னவென்றால், தீனி மூலையில் தண்ணீருக்குள் ஒரு பெரிய கூண்டு. "தட்டு அடிச்சா மீன் எங்க வரும்னு நமக்குத் தெரியும். வர்ற இடத்துலயே வீடு கட்டிடுவோம்," என்றார். இரும்புக் குழாயில் சட்டம். நாலு பக்கமும் நாலு விரல் நுழையும் அளவு ஓட்டை உள்ள கம்பி வலை. உள்ளங்கை நீள மீன் சுலபமாக நுழையும், பறவையின் உடம்பு நுழையாது. நுழைய முடியாத பெரிய மீனைப் பறவையால் விழுங்கவும் முடியாது. மேலே மூடியாக வலைத்துணி. அதன் ஓரத்தை நான் என் கடை மெஷினில் அடித்துக் கொடுத்தேன், ஊசி ஊசியாக ஒடிந்தது. காவல்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாய்களை அடித்து இறக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் அன்று ஒரு கருத்துகூடச் சொல்லவில்லை.

பிறகு அண்ணி கூண்டுக்குள் மட்டும் தீனி போட்டு, தானே தட்டை அடித்துப் பழக்கினார். நான் அப்போது அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. அண்ணன் தலையைத் தூக்கினார். அண்ணி அடிப்பதில் ஒரு ஒழுங்கும் கிடையாது, பாத்திரம் துலக்குவதுபோல இருந்தது. தன் வண்டியை வேறொருவன் கியர் கிறீச்சிட ஓட்டுவதைக் கேட்பதுபோல அண்ணன் முகம் போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மீன்கள் கூண்டுக்குப் பழகிய பிறகு ஒருநாள் அண்ணி ஈரக் காலோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"கூண்டு தயார். ஆளு இல்ல," என்றார் சுவரைப் பார்த்திருந்த முதுகிடம். "பகல் பூரா ஒருத்தர் உக்காந்து வானத்தைப் பார்க்கணும். பறவை வந்தா அடிக்கணும், மீன் உள்ள போயிடும். யார் அடிச்சாலும் போகும், உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் போகாது. இரக்கப்பட்டுக் கூப்பிடுறேன்னு நினைக்காதீங்க. எனக்குத் தீனி கலக்கணும், தண்ணி பார்க்கணும், வலையைத் தைக்கணும். நீங்க வரலன்னா காவல்காரரைக் கேக்குறேன்."

உடும்புக்கும் நீர்நாய்க்கும் வித்தியாசம் தெரியாத காவல்காரர்! அண்ணன் மெல்லப் புரண்டார். பிறகு இடது கை தடியைத் தேடியது.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குளம் போகவில்லை. பறவைகள் பல நாள் வந்து, மூடி வலையின் மேல் நடந்து, பசியோடு திரும்பி, கடைசியில் ஆற்றுப் பக்கம் போய்விட்டன. அவ்வப்போது ஒன்றிரண்டு வந்து எட்டிப் பார்க்கும். மகள் அந்த அறையில் துணி காயவைக்கிறாள். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, அண்ணன் மறுபடி கரைக்கு வந்த அந்த முதல் நாளைத்தான்.

நாற்காலி பழைய இடத்தில் இல்லை. அண்ணி அதைக் குளத்தின் மறுபக்கம் போட்டிருந்தார், கூண்டும் மரமும் அண்ணனுக்கு இடப்பக்கம் விழும்படி. அண்ணன் அதைக் கவனித்தார். ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தார். அண்ணி தூரத்தில் முழங்காலளவு தண்ணீரில் குனிந்து வடிகால் குழாயின் கம்பி வலையைக் குறடு கொண்டு சரிசெய்துகொண்டிருந்தார்.

பறவைகள் வந்தன. அண்ணன் தட்டை ஓங்கி அடித்தார். மீன்கள் நாலா பக்கமிருந்தும் கோடு கோடாக ஓடிவந்து கம்பி ஓட்டைகளில் நுழைந்தன. சில மட்டும் வெளியே தயங்கின. அண்ணன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"வா!" என்று கத்தினார். "வா! வா!"

கையிலிருந்த குறடு தண்ணீரில் விழ, அண்ணி நிமிர்ந்தார். "இதோ வரேன்! வந்துட்டேங்க, வந்துட்டேன்!" என்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, வழுக்கி, கையை ஊன்றி, சேறும் சகதியுமாக ஓடிவந்து அண்ணனுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையை ஆட்டினார். கரண்டியால் மீன்களைக் காட்டினார்.

"என்னை இல்லையா?" என்றார் அண்ணி. குரல் உடைந்துவிட்டது. "இத்தனை நாள் கழிச்சு வாயைத் திறந்து கூப்பிடுறது மீனையா? நல்லாயிருக்குய்யா உங்க நியாயம்!" சிரித்தார், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்ததில் சேறு கன்னமெல்லாம் ஆனது. நானும் அழுதேன். அதில் எனக்கு என்ன வெட்கம்?

தண்ணீரில் விழுந்த குறடு வேண்டுமே என்று அண்ணி திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது, மெதுவாக, ஒரே ஒரு அடி.

அண்ணி திரும்பிப் பார்த்தார். வானத்தில் ஒரு பறவையும் இல்லை. கரண்டி தண்ணீரைக் காட்டவில்லை, அவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"வா," என்றார் அண்ணன்.

அண்ணி தீனி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அண்ணனின் இடப்பக்கம், அவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம், உட்கார்ந்துகொண்டார்.